அக்கா எடுத்த மூல நட்சத்திரம்

ரேஷன் அரிசி நிரப்பிய ஒரு சின்னத் துணிப்பை அது. பழைய சுடிதாரின் கால் பகுதியை வெட்டி இரண்டு பக்கமும் தைத்திருந்ததால் குழந்தைத் தலையணை மாதிரி இருக்கும். குரோம்பேட்டையில் நாங்கள் குடியிருந்த அடுக்ககத்தின் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டியின் மேல் அதை வைத்து, நடுவில் கையால் ஒரு குழி அமுக்கி, அதற்குள் கேமராவை வானம் பார்க்கச் சாய்த்து வைப்பார் என் நாத்தனார். பட்டனை அழுத்திவிட்டு இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொள்வார். படம் பதிவாகி முடியும்வரை, தூங்க வைத்த குழந்தையின் பக்கத்தில் நிற்பவர் போலப் பேசவே மாட்டார்.

என் கணவருக்கு அவர் மூத்தவர். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. காலையில் கம்பெனி பஸ்ஸில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார். கல்யாணம் ஆகவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்த அன்றே எங்கள் வீட்டார் அதைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். அக்காவே முன்னால் வந்து, தம்பிக்கு முதலில் முடிக்கச் சொன்னது தான்தான் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் எனக்கு அந்த வீடு பிடித்தது.

கேமரா எங்கள் கல்யாணத்தின்போது வாங்கியது. உள்ளங்கையில் அடங்கும் சாதாரண டிஜிட்டல் கேமரா. கொடைக்கானலில் நாலு படம் எடுத்ததோடு சரி. அப்புறம் எல்லோர் கையிலும் நல்ல போன் வந்துவிட, அது பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் போய்விட்டது. ஒரு பொங்கலுக்கு வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்யும்போது அக்கா அதை எடுத்தார். சார்ஜ் ஏறியது. மெனுவை உருட்டிக்கொண்டே போனவர், கடைசியில் நட்சத்திரம் வரைந்த ஒரு அடையாளத்தில் நின்றார். அதைத் தேர்ந்தெடுத்தால் கேமரா அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று கண்ணைத் திறந்தே வைத்திருக்குமாம். இத்தனை வருடமாக இது உள்ளே இருந்திருக்கிறது, நாம் யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லையே என்று ஆச்சரியப்பட்டார்.

முதல் படங்கள் எல்லாம் ஆரஞ்சு நிறத்தில் குழம்பு மாதிரி வந்தன. ஜிஎஸ்டி ரோட்டின் வெளிச்சம் வானத்தையே கொதிக்க வைத்திருந்தது. மீனம்பாக்கத்திலிருந்து ஏறும் விமானங்கள் குறுக்கே கோடு கிழித்தன. காற்றில் கேமரா ஆடியது. அதற்குத்தான் அரிசிப் பை. விரல் பட்டால் அசைகிறது என்று, பட்டனை அழுத்திய பிறகு கொஞ்ச நேரம் கழித்துத் தானே படம் எடுக்கும்படி வைக்கக் கற்றுக்கொண்டார். மின்வெட்டு வந்தால் எங்கள் தெருவிலேயே சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அவர்தான். அப்படி ஒரு மின்வெட்டில்தான் திருவாதிரை சிவப்பாக விழுந்தது. மாடிப்படியில் வேகமாக இறங்கி வந்து, நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்த அடுப்பின் பக்கத்திலேயே நின்று காட்டினார். கண்ணுக்குத் தெரியாத நிறம் கேமராவுக்குத் தெரிகிறது பார் என்றார். தோசை கருகியது.

தனியாக ஒரு பெண் இருட்டில் மொட்டைமாடிக்குப் போனால் பேச்சு வராமல் இருக்குமா? யாரோடோ போனில் பேசத்தான் போகிறாள் என்று முதலில் சொன்னார்கள். பிறகு பேசுவதோடு நிற்கவில்லை என்றார்கள். ஒருநாள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர்தான், காபியைக்கூட மறுக்கவில்லை. இனிமேல் விளக்கு வைத்ததும் மாடிக் கதவைப் பூட்டப் போவதாகச் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். லேடீஸ் தனியா மேல நிக்கிறாங்க, நாலு பேர் நாலு விதமாப் பேசறாங்க. நமக்கு எதுக்கு அந்த டென்ஷன்?" என்றார்.

என் கணவர் அவரை வாசல்வரை போய் வழியனுப்பினார். அவர் போனபிறகு அக்காவிடம், கொஞ்ச நாளைக்கு வேண்டாமே என்று மட்டும் சொன்னார். அக்கா தலையாட்டினார். அரிசிப் பை சமையலறை அலமாரியின் மேல்தட்டுக்குப் போயிற்று. அதன் பிறகு ஆபீஸ் விட்டு வந்ததும் முகம் கழுவிச் சாப்பிட்டுவிட்டு டிவி முன்னால் உட்காருவார். டிவியில் என்ன ஓடுகிறது என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. அந்த வாரங்களில் வீட்டில் சண்டை எதுவும் இல்லை. சத்தமே இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ரமலான் மாதம் முடியும் சமயம். மூன்றாவது மாடியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் பாயின் மனைவி ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டு மணியை அடித்தார். பெருநாள் பிறை பார்க்க வருடா வருடம் அவர்கள் குடும்பத்தோடு மாடிக்குப் போவார்கள். ஆனால் திருநீர்மலைப் பக்கம் புதிதாகக் கட்டடங்கள் எழும்பி, அடிவானம் துண்டு துண்டாகத்தான் தெரிகிறது. அவருடைய மாமனாருக்குக் கண்ணும் மங்கிவிட்டது. "சாவிய நான் வாங்கிட்டேன்மா. உங்க நாத்தனார கேமராவோட வரச் சொல்லுங்க. எங்க மாமா ஒரு தடவையாவது பாத்துரணும்னு இருக்காரு" என்றார். பேச்சு அவர் காதுக்கும் போயிருக்கும். வேண்டுமென்றே உரக்கத்தான் கேட்டார் என்று இன்றும் நினைக்கிறேன்.

மாடியில் கூட்டம். குழந்தைகள், பாய், அவருடைய வயதான அப்பா, செயலாளரும்கூட. சூரியன் விழுந்த இடத்துக்கு மேலே அக்கா கேமராவை வைத்து, ஜூம் செய்து, மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார். எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றோம். இரண்டு கட்டடங்களுக்கு நடுவில், செல்போன் கோபுரத்துக்கு ஒரு விரல் இடதுபுறம், திரையில் நகத்தால் கீறியது போல ஒரு கோடு தெரிந்தது. இடம் தெரிந்தபிறகு வெறும் கண்ணுக்கும் தெரிந்தது. பெரியவரால் வானத்தில் பார்க்க முடியவில்லை. அக்கா கேமராவை அவர் முகத்தருகே பிடித்தார். அவர் திரையை வெகுநேரம் பார்த்துவிட்டு, இரண்டு கைகளையும் ஏந்திக் கண்களை மூடிக்கொண்டார். பள்ளிவாசலில் அறிவிப்பு வந்தால்தான் பெருநாள் என்று பாய் சொல்லிக்கொண்டே இருந்தார், ஆனால் பெரியவர் முகத்தில் பெருநாள் வந்துவிட்டிருந்தது. செயலாளர் அக்காவிடம் வந்து, தன் பேரனுக்கு ஒருநாள் வியாழனைக் காட்ட முடியுமா என்று கேட்டார். அதற்குப் பிறகு மாடிக் கதவு பூட்டப்படவில்லை. மறுநாள் வந்த பிரியாணிப் பாத்திரத்தை அக்காவே கழுவிக் கொடுத்தார்.

பிறை பார்த்த அன்று இரவுதான் என் கணவர் அக்காவிடம், உனக்கு ஏன் இந்தப் பைத்தியம் பிடித்தது என்று கேட்டார். கோபமாக இல்லை. அக்கா சாதாரணமாகத்தான் சொன்னார்.

"மூலத்தப் பாக்கணும்டா. இத்தன வருஷம் அதச் சொல்லியே எல்லாரும் எந்திரிச்சுப் போனாங்க. அது எப்படி இருக்கும்னு நான் பாத்ததே இல்ல."

அக்கா பிறந்தது மூல நட்சத்திரம். அந்த நட்சத்திரத்துப் பெண் வந்தால் மாமனாருக்கு ஆகாது என்பார்கள். அப்பா இல்லாத வீட்டில், மீசை அரும்பிய வயதிலிருந்து அக்காவின் ஜாதகத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியவர் என் கணவர். சிலர் மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்கள். சிலர் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. இதை அவர் என்னிடம் ஒரே ஒருமுறைதான் சொல்லியிருக்கிறார். அக்கா சொன்னதைக் கேட்டதும் அவர் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

மூலம் தெற்கே, தாழ்வாக, விருச்சிகத் தேளின் கொடுக்கில் இருக்கிறது. குரோம்பேட்டையின் தெற்கு வானத்தில் தாம்பரத்தின் வெளிச்சம் தவிர எதுவும் தெரியாது. ஆனி மாதம், நல்ல மழை அடித்து ஓய்ந்த ஒரு நாள், என் கணவர் ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்தார். கிளம்புங்கள், கோவளம் போகலாம் என்றார். கேமராவையும் அரிசிப் பையையும் எடுத்துக்கொள்ளும்படி அவரேதான் சொன்னார்.

படகுகளைக் கரையேற்றியிருந்தார்கள். மீன் விற்கிறவர்கள் கூடையைக் கவிழ்த்துவிட்டுப் போயிருந்தார்கள். கடல் பக்கம் திரும்பி நின்றால் தெருவிளக்குகள் முதுகுக்குப் பின்னால் போய்விடும். கண் பழகப் பழக, தென்கிழக்கில் கேட்டை சிவப்பாகத் தெரிந்தது. அதிலிருந்து கீழே வளைந்து இறங்கி, வால் முடிகிற இடத்தில், ஒன்றோடொன்று ஒட்டியது போல இரண்டு நட்சத்திரங்கள். அதில் பிரகாசமானதை அக்கா கை நீட்டிக் காட்டினார். கையை உடனே கீழே இறக்கவில்லை.

"இதுதானா?" என்றார். கொஞ்சம் கழித்து, "அழகாத்தான் இருக்கு. இது யாருக்கு என்ன கெடுதல் பண்ணியிருக்கும்?" என்றார்.

பிறகு தம்பியை அந்த நட்சத்திரத்துக்குக் கீழே, ஒரு படகின் ஓரமாகப் போய் நிற்கச் சொன்னார். ஆடாமல் அசையாமல் நிற்கவேண்டும், இல்லாவிட்டால் ஆள் கலங்கிவிடும் என்றார். என் கணவர் போய் நின்றார். அரை நிமிடம். அலைச் சத்தம் மட்டும். திரையில் படம் வந்தபோது நாங்கள் மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். படகு தெளிவாக இருந்தது. மேலே கொடுக்கு, ஒவ்வொரு புள்ளியாக. என் கணவர் நின்ற இடத்தில் மட்டும் ஒரு வெளிறிய புகை மாதிரி இருந்தது. தோள்கள் குலுங்கியிருக்கின்றன. இருட்டில் எங்களுக்குத் தெரியவில்லை.

"ஆடிட்ட போலருக்கு. இன்னொண்ணு எடுக்கட்டுமா?" என்று அக்கா மெதுவாகக் கேட்டார்.

"வேணாங்க்கா" என்றார் அவர்.

இப்போது அக்கா கேளம்பாக்கத்தில் தனியாக வீடு எடுத்துக்கொண்டு இருக்கிறார், ஆபீஸுக்குப் பக்கம் என்று. கிளம்பும்போது என் கணவர் தடுக்கவில்லை. சாமான்களை வண்டியில் ஏற்றியவர் அவர்தான். போன மாதம் நாங்கள் போயிருந்தபோது, பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி வந்திருந்தாள். கூடத்தில் பெரிதாக்கி மாட்டியிருக்கும் கோவளத்துப் படத்தைப் பார்த்துவிட்டு, கீழே புகை மாதிரி இருப்பது யார் என்று கேட்டாள்.

"என் தம்பி" என்றார் அக்கா.

"மேல இருக்கிறது?"

அக்கா காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "அது என் நட்சத்திரம்."