தகரக் கூரைக்கு மேல் ஏறிய கூட்டப் பந்தல்

பிள்ளை பெற்ற வீடுகளுக்குப் போய் வரும் இளம் நர்சுகளுக்காக இதை எழுதுகிறேன். பைக்குள் இருக்கும் சாமான் எதுவும் உதவாத நாள் ஒன்று உங்களுக்கும் வரும். எனக்கு அது பாலசமுத்திரத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், கத்திரி வெயிலில் வந்தது.

அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கு நான் மிட்வைஃப். ஆந்திரா தனி மாநிலமாகி, எல்லை ஊர்கள் எந்தப் பக்கம் போகும் என்று சண்டை நடந்துகொண்டிருந்த காலம். ஊருக்குள் காலை வைத்தால் போதும், "நர்சம்மா, நீ மெட்ராஸ் பக்கமா, ஆந்திரா பக்கமா?" என்பார்கள். "நான் பிரசவப் பக்கம், வழிய விடுங்க" என்று சொல்லிவிட்டு நடப்பேன்.

1. உதறியும் இறங்காத பாதரசம்

கன்னியம்மாவுக்குப் பெண் குழந்தை. பிரசவம் பார்த்தது நான்தான். மூன்றாம் நாள் உச்சிப்பொழுது நெருங்கும்போது போய்ப் பார்த்தால் குழந்தை துவண்டு கிடக்கிறது. பால் இழுக்கவில்லை. உதடு காய்ந்திருந்தது. விடிந்ததிலிருந்து ஒரு தரம்கூட மூத்திரம் போய்த் துணி நனையவில்லை என்றாள் கன்னியம்மா.

தெர்மாமீட்டரை எடுத்து உதறினேன். குழந்தையின் கக்கத்தில் வைப்பதற்குள்ளேயே பாதரசம் காய்ச்சல் கோட்டைத் தாண்டி நின்றது. மறுபடி உதறினேன். மறுபடி ஏறியது. அப்புறம்தான் அண்ணாந்து பார்த்தேன். கை தூக்கினால் தொடும் உயரத்தில் வெறும் தகரம், தோசைக்கல்லாகக் காய்ந்துகொண்டிருந்தது. பிரசவம் ராத்திரியில் நடந்ததால் அதன் குணம் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

கன்னியம்மாவின் புருஷன் முனிரத்தினத்துக்கு ரேணிகுண்டாவில் ரயில் வேலை. கீற்றுக் கூரை தீப்பிடித்துவிடும் என்று பயந்து, ஆசை ஆசையாகத் தகரம் வாங்கிப் போட்டிருந்தார். அந்தத் தெருவிலேயே முதல் தகர வீடு அதுதான்.

"கொழந்தய மரத்து நெழலுக்குத் தூக்குங்க" என்றேன். மாமியார் வாசலை மறித்து நின்றுகொண்டார்.

"பதினோரு நாளு ஆவாம வாசப்படி தாண்டக் கூடாது நர்சம்மா."

"தீட்டாவது கீட்டாவது! புள்ள பொழைக்க வேணாமா?"

"இவளோட மொத புள்ளய இப்பிடித்தாம்மா வெளிய தூக்கினு போனோம். திரும்பி வர்றப்ப உசுரு இல்ல." அந்த அம்மாள் அழவில்லை. கதவு நிலையை இறுக்கிப் பிடித்திருந்த கையை எடுக்கவும் இல்லை. மரத்து நிழல் யோசனையை அதோடு விட்டேன். புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், பஸ் வரும் வரை அந்த வெயிலில் நிற்க வேண்டும். குழந்தை தாங்காது.

பிள்ளைக்காக லீவு போட்டு வந்திருந்த முனிரத்தினம் குடம் குடமாகத் தண்ணீரைக் கொண்டுபோய்க் கூரையில் ஊற்ற ஆரம்பித்தார். சுர்ரென்று சத்தம். தகர இடுக்கில் கசிந்த ஆவியில் கொஞ்ச நேரத்தில் உள்ளே இட்லிச் சட்டிதான்.

"யோவ், எறங்குய்யா! புள்ளய வேக வெக்கிறியா?" என்று கத்தினேன். பாவம், ஈரக் கையோடு இறங்கி வந்து நின்றார்.

வெயில் அந்தத் தகரத்தைத் தொடவே கூடாது. அதற்கு மேலே தனியாக ஒரு நிழல் நிற்க வேண்டும், இரண்டுக்கும் நடுவே காற்று ஓட வேண்டும். அத்தனை கீற்றுக்கு எங்கே போவது?

2. பந்தலுக்குச் சொந்தக்காரர்

கீற்று இருந்தது. ஊர் மந்தைத் திடலில், அன்று சாயங்காலக் கூட்டத்துக்காகப் புதுப் பந்தல் போட்டிருந்தார்கள். ஊரை மெட்ராஸோடு சேர்க்க வேண்டும் என்ற கூட்டம். நடத்துகிறவர் மளிகைக்கடை துரைசாமி. முனிரத்தினமோ ஆந்திரா பக்கம். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை அறுந்து மாசக்கணக்காகிறது.

"அவன்கிட்ட போவாத நர்சம்மா. மூஞ்சில அடிச்சாப்ல பேசுவான்" என்றார் முனிரத்தினம்.

"பேசட்டும். எனக்கு மூஞ்சி கெட்டிதான்."

கொதித்து ஆறிய தண்ணீரைப் பாலாடைச் சங்கில் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கவும், ஈரத்துணியால் உடம்பை ஒற்றிக்கொண்டே இருக்கவும் கன்னியம்மாவிடம் சொல்லிவிட்டு மந்தைக்கு ஓடினேன்.

துரைசாமி பந்தல் காலில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். பந்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"யாரு, அந்த ரேணிகுண்டாக்காரன் புள்ளயா?"

"ஆமா."

"மூச்சு இருக்குதா?"

"இப்ப இருக்குது."

கையிலிருந்த தோரணத்தைக் கீழே போட்டார். "டேய், பந்தல பிரிங்கடா! நின்னுக்கினு இன்னாடா பாக்கறீங்க? சீக்கிரம்!"

அம்மாடியோ, அதை நான் எப்படிச் சொல்வேன்! முந்தின நாள் ஒருவரையொருவர் ஏசிக்கொண்ட இரண்டு பக்கத்து ஆட்களும் மூங்கிலையும் கீற்றையும் தோளில் சுமந்துகொண்டு தெருவில் ஓடி வந்தார்கள். வீட்டைச் சுற்றிக் கால் நட்டு, தகரத்துக்கு மேலே ஒரு முழம் இடைவெளி விட்டு, கீற்றை இரண்டு அடுக்காக வேய்ந்தார்கள். முனிரத்தினம் கயிறு எடுத்துக் கொடுத்தார். துரைசாமி வாங்கிக் கட்டினார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கும்பிட வேண்டும் போலிருந்தது, யாரைக் கும்பிடுவது என்று தெரியவில்லை.

வெயில் சாயும்போது தெர்மாமீட்டரை உதறினேன். பாதரசம் இறங்கி, இறங்கிய இடத்திலேயே நின்றது. அதற்கப்புறம் குழந்தையின் கக்கத்தில் வைத்தேன். காய்ச்சல் தணிந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் கன்னியம்மா, "நர்சம்மா, துணி நனைஞ்சிடுச்சு!" என்று கத்தினாள். மாமியார் அந்த ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்போதுதான் அழுதார்.

3. வெட்டவெளிக் கூட்டம்

மெட்ராஸிலிருந்து வந்த பேச்சாளர் மந்தையில் இறங்கியதும், "பந்தல் எங்கே?" என்றார். துரைசாமி தெருப் பக்கம் கை காட்டினார்.

"அங்க ஒரு ஆளு ஊருக்கு வந்து மூணு நாள்தான் ஆவுது. அதுக்குப் போட்டிருக்கோம்."

ஜனங்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சாய்ந்த வெயிலில் உட்கார்ந்து கேட்டார்கள். அந்தக் கூட்டத்துக்கு நீர்மோர் ஊற்றிக் கொடுத்தவர் முனிரத்தினம்.

பிள்ளைகளே, காய்ச்சல் என்று யாராவது கூப்பிட்டால் குழந்தையைத் தொடும்போதே அண்ணாந்து கூரையையும் பாருங்கள். தகரத்தில் தண்ணீர் ஊற்ற விடாதீர்கள், அதற்கு மேலே நிழல் போடுங்கள். யாரிடம் கேட்டால் தருவார்கள், தர மாட்டார்கள் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். போய்க் கேளுங்கள்.

பின்னால் எல்லைக்கோடு போட்டபோது அந்த ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. அதுவரை துரைசாமி விடாமல் கூட்டம் போட்டார். அந்தக் கோடையில் போட்டதெல்லாம் புளியமரத்தடியில்தான். மழை பிடிக்கும்வரை பந்தலைத் திருப்பிக் கேட்கவே இல்லை.