அலையோரம் இரண்டு ஜோடிச் செருப்பு

போன ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பும் சோறும் கேரியரில் எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன்.

பதற வேண்டாம். எங்கள் வீட்டு ஆள் ஒருத்தி உள்ளே இருக்கிறாள் என்பது உண்மைதான். ஆனால், யூனிஃபார்மோடு இருக்கிறாள். என் மகள் எஸ்தர்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு கடலோர ஸ்டேஷனில் அவள் கான்ஸ்டபிள். ஊர்ப் பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வாள். "உன் பத்திரிகப் பத்தியில என்ன இழுக்காதம்மா" என்று ஏற்கெனவே எச்சரிக்கை வந்திருக்கிறது. அவளை இழுத்தாகிவிட்டது... ஊரையாவது விட்டுவிடுகிறேன். சில வாரங்களாகவே அவளுக்கு ஞாயிறு லீவு இல்லை. அதனால் சர்ச் முடிந்த கையோடு செங்கல்பட்டில் பஸ் ஏறிவிட்டேன்.

எங்கள் குடும்பத்துக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. என் அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். ஊரில் ஆடு காணாமல் போனாலும் சரி, நெல் காணாமல் போனாலும் சரி, முதலில் எங்கள் தெரு ஆம்பிளைகளைத்தான் கூப்பிட்டு விசாரிப்பார்கள். ஸ்டேஷன் வாசல் வந்தால் அப்பா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் தாண்டுவார். யாரும் சொன்னதில்லை. பயம்... அவ்வளவுதான்.

அவருடைய பேத்தி அந்த வாசலில் ஷூ சத்தத்தோடு ஏறி இறங்குகிறாள். எனக்குப் பெருமையாக இருக்காதா?

சினிமாவில் காட்டுகிற ஸ்டேஷன் வேறு, இது வேறு. நான் போனபோது ஒரு மீனவர், பக்கத்து ஊர்ப் படகு தன் வலையை அறுத்துவிட்டது என்று மனு கொடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு இளம் ஜோடி. சுற்றிப் பார்க்க வந்த இடத்தில் ஸ்கூட்டர் சாவியைக் கடலில் தொலைத்துவிட்டார்களாம். "கடலு எடுத்துக்கினதுக்கு நாங்க யாரு மேல கேஸு போட்றது?" என்று கேட்டுக்கொண்டே ஸ்டேஷன் ரைட்டர், மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

இருக்கிற ஒரே ஜீப், சிற்பம் பார்க்க வரும் யாரோ வி.ஐ.பி.க்கு பந்தோபஸ்து போயிருந்தது. பெயர்தான் கடலோர ஸ்டேஷன். ஒரு படகுகூடக் கிடையாது. பிறகு எப்படி வண்டி ஓடுகிறது என்று கேட்கிறீர்களா? சாயங்காலம் எஸ்தரோடு கரையில் நடந்தபோது எனக்கே புரிந்தது.

வெயில் தாழ்ந்ததும் ரோந்து கிளம்பினாள். நானும் ஒட்டிக்கொண்டேன். கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. இவள் கடலையும் பார்க்கவில்லை, ஆட்களையும் பார்க்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் மணலையே பார்த்துக்கொண்டு நடந்தாள்.

"இன்னாடி தேடற?"

"செருப்பு."

"யாருதுடி?"

"யாருதுன்னு தெரியாத செருப்புதாம்மா. ஒத்தயா கெடந்தா அத்த வுட்றலாம், இன்னொண்ண அல இஸ்த்துனு பூட்டிருக்கும். ஜோடியா, தண்ணி எட்டாத எடமா பாத்து வெச்சிருந்தா, ஆளு உள்ள கீறாருன்னு அர்த்தம்."

போன வருஷம் இதே கரையில் ஒரு ஜோடிச் செருப்பு பொழுது சாயும்வரை கிடந்திருக்கிறது. யாரோ மறந்துவிட்டுப் போயிருப்பார்கள் என்று எல்லோரும் தாண்டிப் போயிருக்கிறார்கள். எஸ்தரும்தான். மறுநாள் காலையில் வெளியூரிலிருந்து ஒரு குடும்பம், கடலுக்குக் குளிக்க வந்தவர் வீடு திரும்பவில்லை என்று தேடிக்கொண்டு வந்தது. அதிலிருந்துதான் ஸ்டேஷனில் இந்தப் பழக்கம். இருட்டுவதற்குள் கரையில் கிடக்கும் ஒவ்வொரு ஜோடிக்கும் உரியவரைக் கண்டுபிடித்தாக வேண்டும். இன்ஸ்பெக்டர் உத்தரவு.

அவள் சொல்லி முடிக்கவில்லை, நின்றுவிட்டாள்.

இரண்டு ஜோடி. ஒன்று பெரியது, ஆம்பிளைச் செருப்பு. அதை ஒட்டி இன்னொன்று, என் உள்ளங்கையில் அடங்கிவிடும். குழந்தை நடந்தால் 'கீக் கீக்' என்று சத்தம் போடுமே, அந்தச் செருப்பு. நாலும் கடலைப் பார்த்து வரிசையாக இருந்தன. எதிரே தண்ணீரில் ஒருவரும் இல்லை.



எஸ்தர் ஓடவில்லை, கத்தவில்லை. போனை எடுத்தாள். பஜ்ஜிக் கடைக்கு ஒரு கால், வண்டி நிறுத்துமிடத்தில் டோக்கன் கிழிக்கிறவருக்கு ஒரு கால். குழந்தையோடு ஒரு ஆளைப் பார்த்தீர்களா? இல்லை. மாதா கோயில் மைக்கில் அறிவிப்பு போனது. அதற்கும் யாரும் வரவில்லை. ஸ்டேஷனுக்குச் சொல்லிவிட்டு, கரையேற்றி வைத்திருந்த படகுகளைப் பார்த்து நடந்தாள்.

அங்கே மூர்த்தி என்கிற மீனவர் கூட்டாளிகளோடு சீட்டாடிக்கொண்டிருந்தார். அவரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் சீட்டைக் கீழே வைக்காமலே சொன்னார்.

"போன வாரமும் இப்டிதான் கூப்ட்ட மேடம். நாங்க அல்லாரும் கடல்ல தேடிக்கினு கீறோம், அந்தாளு ரோட்டாண்ட குந்திக்கினு பஜ்ஜி துன்னுகினு இருந்தான்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஒருமுறை ஏமாந்தவர்கள் திரும்பவும் வருவார்களா? இவர்கள் வராவிட்டால் என் மகள் என்ன செய்வாள்? லத்தியைக் கடலில் நீட்டவா முடியும்?

எஸ்தர் சொன்னாள்: "இன்னிக்கும் பஜ்ஜி துன்னுகினு இருந்தா ரொம்ப நல்லது அண்ணாத்த. கூட கொழந்த கீது. படக எடு."

மூர்த்தி எழுந்தார். சீட்டு மணலில் விழுந்தது. அத்தனை பேரும் எழுந்தார்கள். இஞ்சினைத் தோளில் தூக்கிவந்து மாட்டி, படகைத் தள்ளி, அலையைத் தாண்டி... நான் கேரியரைப் பிடித்தபடியே நின்றிருந்தேன். இரண்டு பேர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கரையோரத் தண்ணீரில் இறங்கினார்கள். எஸ்தர் ஷூவோடு முழங்கால் ஆழத்தில் நின்று டார்ச் அடித்தாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. டார்ச் வெளிச்சம் மட்டும் அலைமேல் தேடிக்கொண்டே இருந்தது.

எனக்கு வாயில் ஜெபம்கூட வரவில்லை. அந்தச் சின்னச் செருப்பின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. தெற்கே இருந்து ஒரு ஆள் வெறுங்காலோடு சாவகாசமாக நடந்து வந்தார். தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கூட்டத்தைப் பார்த்ததும் தயங்கினார்.

"அது... எங்க செருப்புதாங்க. இன்னா ஆச்சி?"

தூரத்தில் கரைவலை இழுத்திருக்கிறார்கள். குழந்தை மீன் பார்க்க வேண்டும் என்று அழ, அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட்டார். போன் வேனில், தலைவலி என்று படுத்துவிட்ட மனைவியிடம். கடல் இரைச்சலில் மைக் கேட்கவில்லை. ஒரு பாவமும் அறியாத மனுஷன்.

நானாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். எஸ்தர் கேட்கவில்லை. டார்ச்சை உயர்த்தி ஆட்டி, படகைத் திரும்பி வரச் சொன்னாள். பிறகு அந்தக் குழந்தையை வாங்கி மணலில் நிறுத்தி, செருப்பை ஒவ்வொன்றாக மாட்டிவிட்டாள். தூக்கம் கலைந்த குழந்தை ஓரடி வைத்தது.

கீக்.

அவ்வளவுதான், எஸ்தர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு படகுக்குப் பின்னால் போய்விட்டாள். நான் அவள் பின்னால் போகவில்லை. என் கண்ணையே துடைத்து முடியவில்லை எனக்கு.

மூர்த்தி சொட்டச் சொட்டக் கரையேறினார். நேராக அந்த ஆளிடம் வந்து, "இன்னா நைனா, பஜ்ஜியா?" என்றார்.

"இல்லீங்க... கரைவல வேடிக்க பாக்கப் போனோம்."

"எங்க பொழப்பு உனுக்கு வேடிக்கையா பூச்சா?" குழந்தையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுச் சீட்டாட்டத்துக்கே நடந்தார். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பின்னாலேயே போனேன்.

"கோவமே வரலியாப்பா உனுக்கு? வாராவாரம் இப்டி கூப்ட்டா இன்னா பண்ணுவ?"

"அந்தப் பொண்ணு கூப்ட்டா வருவோம். வேறின்னா பண்றது?" என்றார், கலைந்த சீட்டைப் பொறுக்கிக்கொண்டே. "படகுல ஒரு ஆளத் தூக்கினு வர்றதவிட, வெறும் படகா வர்றது லேசும்மா."

ஸ்டேஷனுக்குப் படகு கிடையாது என்றா எழுதினேன்? அடித்துவிடுகிறேன். அந்தக் கரையில் கிடக்கும் படகெல்லாம் ஸ்டேஷன் படகுதான். சட்டமும் ஜீப்பும் சர்க்கார் கொடுத்தது. கூப்பிட்டால் சீட்டைப் போட்டுவிட்டு எழுந்து வருவார்களே, அது ஸ்டேஷன்காரர்களே சம்பாதித்தது. அதில் என் மகள் பங்கும் கொஞ்சம் இருக்கிறது என்பதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பஸ் ஸ்டாப்பில் எஸ்தர் மெதுவாகக் கேட்டாள். "யம்மா, கொழம்பு மீதி கீதா?"

வாசகர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். எங்கள் கடற்கரைக்கு வந்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடங்கள். என் அப்பா பயந்துபோய் எடுத்தார்... நீங்கள், அவர் பேத்தி சாயங்காலம் நிம்மதியாக ஒரு டீ குடிக்கட்டும் என்று எடுங்கள்.