ஏற்றுமதிப் பொட்டு

எங்கள் பெருமாள்சாமி அண்ணனுக்குக் கை சும்மா இருக்காது. ஆயுத பூஜை வந்துவிட்டால் மில்லில் மெஷின், எடைமேடை, லாரி, ஏன், வாட்ச்மேனின் டார்ச் லைட் வரைக்கும் சந்தனம் வைத்து, அதன் நடுவில் குங்குமமும் வைத்து, ஒவ்வொன்றிடமும் "நல்லா ஓடணும்ப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்வார். இருபத்திரண்டு வருஷமாக இதே கதைதான். அவர் பொட்டு வைத்த மெஷின் அந்த வருஷம் நின்றதில்லை என்பதையும் சொல்லவேண்டும். வேடசந்தூர் ரோட்டில் இருக்கிற அந்த மில்லில் நான் ஏற்றுமதி பில் போடுகிறவன். எனக்குப் பக்தி கம்மி. ரிப்பேர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

போன பூஜைக்கு முந்தின வருஷப் பூஜையில் சந்தனம் மிஞ்சிவிட்டது. பேக்கிங்குக்குத் தயாராக நின்ற எண்ணூறு நூல் கோனுக்கும் ஒவ்வொரு பொட்டு வைத்துவிட்டார். எங்கள் நூல் ஒன்றும் பட்டுச்சேலைக்குப் போகிற நூலில்லை. கழிவுப் பஞ்சில் நூற்ற தடித்த நூல். போலந்தில் ஒரு கம்பெனி அதை வாங்கித் தரை துடைக்கிற துணி நெய்கிறது. அதற்குப் பொட்டு! கன்டெய்னர் தூத்துக்குடியில் கப்பல் ஏறின பிறகுதான் மேனேஜர் இளஞ்செழியனுக்கு விஷயம் தெரிந்தது.

"கறைனு சொல்லித் திருப்பி அனுப்புனான்னா மறுநாளே நீங்க வீட்டுக்குப் போயிரலாம்" என்றார்.

அண்ணனுக்கு ஐம்பத்தாறு வயது. வேறு எந்த மில்லிலும் சேர்க்கமாட்டார்கள். இரண்டு மாதம் தினமும் கொடைரோட்டு பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக என் மேஜைக்குத்தான் வருவார். "தம்பி, வெள்ளைக்காரன் எதுவும் எழுதியிருக்கானா?" கேட்கவே பாவமாக இருக்கும்.

எழுதினான். மஞ்சளும் சிவப்புமாகக் குறி இருந்த கோன்களில் மட்டும் தறியில் நூல் அறவே அறுபடவில்லையாம். இனி எல்லாக் கோனிலும் அந்தக் குறி வேண்டுமாம். படம் வரைந்து அளவும் அனுப்பியிருந்தான். சந்தனம் பன்னிரண்டு மில்லிமீட்டர், குங்குமம் ஐந்து.

இளஞ்செழியன் மறுநாளே அளவுக் கருவியோடு வந்தார். அண்ணனுக்குத் தனி நாற்காலி, தனி ஃபேன். ஒரு கன்டெய்னருக்கு ஒன்பதாயிரம் பொட்டு. பதிமூன்று மில்லி ஆகிவிட்டால் ரிஜெக்ட். துடைத்துவிட்டு மறுபடி வைக்கவேண்டும். வாய்விட்டுச் சொன்னால் நேரமாகிறது என்று மேனேஜர் கடிந்ததால், "நல்லா ஓடணும்ப்பா"வை மனசுக்குள் சொல்லிக்கொள்வார். வீட்டிலும் அதே நினைப்பு. சம்சாரம் ஒச்சம்மாளிடம், பொட்டு இடப்பக்கம் இரண்டு மில்லி தள்ளியிருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்.

"சோத்தத் தின்னுட்டுக் கெளம்புறீகளா, இல்ல என்னையும் பொட்டியில போட்டுக் கப்பல் ஏத்தப் போறீகளா?" என்று அந்தம்மா கேட்டதை அவரே என்னிடம் சொல்லிச் சிரித்தார். அந்த ஒரு வருஷம் மனுஷன் ராஜா மாதிரி இருந்தார்.

போன ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கோயம்புத்தூரிலிருந்து ஒரு மெஷின் வந்து இறங்கியது. பொட்டு வைக்கிற மெஷின். நிமிஷத்துக்கு நாற்பது கோன்.

"பூஜை முடிஞ்சதும் நீங்க வர வேணாம்ண்ணே" என்றார் இளஞ்செழியன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "புதுசுக்கு மட்டும் நீங்களே பொட்டு வச்சிருங்க" என்றார்.

அண்ணன் கையைக் கழுவிவிட்டு வந்து, சந்தனத்தைக் குழைத்து மெஷினின் நெற்றியில் வைத்தார். நடுவில் குங்குமம். இளஞ்செழியன் பழக்கதோஷத்தில் கருவியை வைத்து அளந்தார்.

"பதினெட்டு மில்லி. தொடச்சிட்டு வைங்க."

"இது சாமிக்கு வச்சது. அளக்காதீங்க சார்."

மேனேஜர் கருவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அண்ணன் மெஷினைத் தொட்டுக் கும்பிட்டு, ஒரு வருஷத்துக்குப் பிறகு வாய்விட்டு, "நல்லா ஓடணும்ப்பா" என்றார். ஒப்புக்குச் சொல்லத் தெரியாத மனுஷன். அன்றைக்காவது ஒப்புக்குச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

ஏழு மாதமாகிறது. அந்த மெஷின் ஒரு நாள்கூட நிற்கவில்லை.