ஸ்டிக்கர் மட்டும் மாறிய லேப்டாப்

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில், திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடையில் தொடங்கியது இது. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் சிவில் டிப்ளமோ படித்தவள். கல்யாணமாகி சேரன்மகாதேவிக்கு வந்த பிறகு, பாளையங்கோட்டையில் ஒரு இன்ஜினீயருக்கு வீட்டிலிருந்தே கட்டட வரைபடங்கள் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் சின்னச் சின்ன வீடுகள். அந்த முறைதான் முதன்முதலாக ஒரு கல்யாண மண்டபத்தைக் கொடுத்தார். நேரத்துக்கு முடித்தால் இனிப் பெரிய வேலைகளும் எனக்குத்தான் என்றார். நாலு வருடம் காத்திருந்த வாய்ப்பு.

ஆனால் என் லேப்டாப் நான் படிக்கிற காலத்தில் வாங்கியது. மண்டபத்தில் ஒரு தூணை நகர்த்திவிட்டு, காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் திரை அப்படியே நிற்கும். புதிது வாங்க அப்போது வசதியில்லை. அதன் மூளையான ப்ராசஸரை மட்டும் ஐ-த்ரீயிலிருந்து வேகமான ஐ-ஃபைவுக்கு மாற்றினால் போதும் என்று யாரோ சொன்னதை நம்பினேன்.

கடை வைத்திருந்தவன் என் கணவரின் சித்தப்பா மகன், எனக்குக் கொழுந்தன் முறை; அவனுக்கு நான் மைனி, அதாவது அண்ணி. சொந்தத்தில் கடை இருக்கும்போது வெளியே போனால் அது ஒரு பெரிய மனத்தாங்கலாகிவிடும். லேப்டாப்பை பாலித்தீன் பையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

"மைனிக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப் போறேன்? ரெண்டே நாள்ல ஐ-ஃபைவ் ஆக்கித் தாரேன்" என்றான்.

சொன்னபடி தந்தான். பழைய ஐ-த்ரீ ஸ்டிக்கர் இருந்த இடத்தில் ஐ-ஃபைவ் ஸ்டிக்கர் பளபளவென்று ஒட்டியிருந்தது. சொன்ன பணத்தைக் கொடுத்தேன். நான் பில் கேட்கவில்லை, கழற்றிய பாகத்தைக் கேட்கவில்லை. கொழுந்தனிடம் பில் கேட்டால், என்னை நம்பவில்லையா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். வீட்டில் எனக்குத்தான் திட்டு விழும்.

வேகம் மட்டும் கூடவே இல்லை. நான்தான் வரைபடக் கோப்பைக் கனமாக்கிவிட்டேனோ என்று என்னையே நொந்துகொண்டேன். கொடுக்க வேண்டிய நாளும் வந்தது. மண்டபக்காரர் இன்ஜினீயர் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். இங்கே என் லேப்டாப் கோப்பைத் திறக்கவே மாட்டேன் என்கிறது. மதியம் வரை போராடிப் பாதி வரைபடம்தான் அனுப்ப முடிந்தது. சாயங்காலம் இன்ஜினீயர் போன் செய்தார். "மண்டபத்த வேற ஆளுட்டக் குடுத்துட்டேம்மா. நீங்க சின்ன வீடே போடுங்க, அது உங்களுக்கு நல்லா வருது." சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் ஆறுதலாகச் சொன்னதுதான் என்னை அழவைத்தது.

மறுநாள் மேலப்பாளையத்தில் ஒருவரிடம் லேப்டாப்பைக் கொண்டுபோனேன். சவுதியில் இதே வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர், என் வயதுதான் இருக்கும். முதலில் திரையில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்தார். அதில் ஐ-த்ரீ என்றே இருந்தது. பிறகு பின்பக்கத்தைக் கழற்றி என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, இங்கன பாருங்க. இந்த மாடல்ல ப்ராசஸர் போர்டோட சேத்துப் பத்தவச்சிருக்கும். கடைல வச்சு மாத்த முடியாது. இதை மாத்துனதா யாரு சொன்னாவ?"

அவமானமாக இருந்தது. ஒன்பது அங்குலச் சுவரில் அரை அங்குலம் குறைந்தாலும் கண்டுபிடிக்கிறவள் நான். திரையில் இருந்த ஒரு வரியைப் பார்க்கத் தோன்றவில்லையே! அவர் மெமரியைக் கூட்டி, புது டிஸ்க் ஒன்று போட்டார். ஒவ்வொன்றையும் காட்டிவிட்டுத்தான் மூடினார். அதே கிழட்டு லேப்டாப் அன்றே மண்டபத்தைத் திறந்தது. திறந்து என்ன பிரயோஜனம்?

வீட்டில் சொன்னேன். "நம்ம வீட்டு ஆளுட்டப் போயி என்னத்தக் கேக்க? விட்டுரு" என்றார் கணவர். நான் விடவில்லை. அடுத்த பஸ்ஸில் ஜங்ஷனுக்குப் போனேன்.

கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டேன். "தம்பி, அன்னைக்குக் கழத்துன பழைய ப்ராசஸர் இருந்தாத் தாங்களேன்."

அவன் துளிகூடத் தயங்கவில்லை. மேஜை டிராயரைத் துழாவி, தடித்த உலோக மூடி போட்ட ஒரு சதுரச் சில்லை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். "பத்திரமா வச்சிருந்தேன் மைனி." கழற்றவே முடியாத ஒன்றைக் கழற்றிக் கொடுத்துவிட்டான்! அது மேஜைக் கம்ப்யூட்டருக்கானது என்று பார்த்தாலே தெரிந்தது.

"இந்த லேப்டாப்ல கழத்தவே முடியாதாம்லா. பின்ன இது எங்கேருந்து வந்துச்சு?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே கேட்டேன். அவன் முகம் செத்துவிட்டது.

"பைய பேசுங்க மைனி. வீட்டுல சும்மாதான இருக்கிய, படம் பாக்கதுக்கு இது போதும்னு நெனச்சிட்டேன்."

மன்னிப்புக் கேட்டிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். சும்மா இருக்கிறேனாம்! அந்தச் சில்லை மேஜையில் வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன். வாங்கிய பணத்தைப் பிற்பாடு கணவரிடம் கொடுத்தனுப்பினான், நான் கடையில் மானத்தை வாங்கிவிட்டேன் என்ற புகாரோடு. சொந்தத்தில் பாதிப் பேர் இன்றைக்கும் அவன் பக்கம்தான்.

அந்த இன்ஜினீயர் அதற்குப் பிறகு பெரிய வேலை எதுவும் எனக்குத் தரவில்லை. வேறு இரண்டு இன்ஜினீயர்களுக்கு இப்போது வரைந்து கொடுக்கிறேன். என் கோபம் ஆறவில்லை, ஆற வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. அன்று கடையில் கேட்காமல் விட்ட கேள்வியை, "வீட்டில் சும்மாதானே இருக்கீங்க" என்று யார் சொன்னாலும் இப்போது முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுகிறேன்: வீட்டில் உட்கார்ந்து செய்தால் அது வேலை இல்லையா?