கீழே இறங்கிய சாம்பிராணிப் புகை

குவைத்தின் ஃபஹாஹீலில் ஒரு வீட்டின் தரையில் ஓட்டை போட்டு, மண்ணுக்குள் இருக்கிற காற்றை உறிஞ்சி மொட்டை மாடி வழியாக வெளியே விடவேண்டும் என்று எங்கள் ஃபோர்மேன் சொன்னபோது, சரி என்று தலையாட்டினேன். அதற்கு முன் சத்வாவில் ஒரு தையல் கடையில் பொத்தான் தைத்தேன். புஜைராவில் எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கித் துரு சுரண்டினேன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவனுக்கு எல்லா வேலையும் ஒன்றுதான். முதல் நாள் தெரியாது, நாலு நாள் போனால் கை பழகிவிடும். குவைத்துக்கு வந்து ஏ.சி. டக்ட், தண்ணீர்க் குழாய் என்று மெயின்டெனன்ஸ் வேலை செய்துகொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. சம்பளம் வருகிற மாதமும் உண்டு, வராத மாதமும் உண்டு. தொழிலாளர் கேம்ப்பில் சாப்பாடு மட்டும் தவறாது.

வீட்டில் இருந்தவர்கள் நம் ஊர்க்காரர்கள். சார் எண்ணெய்க் கம்பெனி இன்ஜினியர். சில வருடம் அமெரிக்காவில் இருந்துவிட்டு வந்த குடும்பம். அங்கே வீடு வாங்கும்போது கறையான் பார்ப்பதுபோல ரேடான் என்று ஒரு வாயு இருக்கிறதா என்றும் பார்ப்பார்களாம். மண்ணிலிருந்து கிளம்பும், நிறம் கிடையாது, மணம் கிடையாது, தரை வெடிப்பு வழியாக வீட்டுக்குள் வந்து தங்கும், வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலைக் கெடுக்கும் என்று சாரின் மனைவி, அந்த வீட்டு அம்மாதான் எனக்கு விளக்கினார். அதைச் சோதிக்கிற மூன்று தகர டப்பாக்களைப் பெட்டியில் வைத்தே கொண்டுவந்திருந்தார். டப்பாவைத் திறந்து மூடிய அறையில் இரண்டு நாள் வைக்கவேண்டும், பிறகு மூடி கூரியரில் அமெரிக்காவுக்கு அனுப்பவேண்டும். முதல் டப்பாவை நிலவறைப் படிக்கட்டின் கீழே வைத்து அனுப்பினார். இருக்கவேண்டியதைவிடப் பல மடங்கு அதிகம் என்று ஃபேக்ஸ் வந்தது.

குவைத் வீடுகளில் நிலவறை சாதாரணம். சிர்தாப் என்பார்கள். அந்த வீட்டு சிர்தாப்பில் குடியிருந்தவர் சமையல்காரர். கடலோரத்து ஆள். அவர் ஊரில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்களாம், நானும் அப்படியே கூப்பிட்டேன்; அம்மாவுக்கு அவர் பாய். கம்பெனி மெஸ்ஸில் பல வருடம் சமைத்தவரை சார் தன் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்.

“மெஸ்ஸுல ஒரு ரூமுக்கு எட்டுப் பேரு தம்பி. ஒருத்தன் குறட்டை விடுவான், ஒருத்தன் பொண்டாட்டி பேசுன கேசட்டைப் போட்டு அழுவான். இங்க வந்த மொத நாளு கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாளைப் பாத்தேன். போட்டேன். தொறந்தேன். திரும்பப் போட்டேன். யாரும் கேக்கல.”

அந்த அறைக்குத்தான் இப்போது ஆபத்து. அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேலை முடிந்ததும் இரண்டாவது டப்பாவை வைப்பார். அளவு குறைந்தால் பாய் அங்கேயே இருக்கலாம். குறையாவிட்டால் அறையைப் பூட்டிவிட்டு, பாய் கம்பெனி கேம்ப்பில் படுத்து காலையில் வேனில் வரவேண்டும். வீட்டில் வேறு அறை இல்லை.

“சண்டையில எண்ணெய்க் கெணறுங்க எரிஞ்சப்ப அந்தக் கறுப்புப் புகையைக் குடிச்சவன் நானு. இது கண்ணுக்கே தெரியாத புகையாம், இதுக்குப் பயந்து ரூமை விடணுமாம்” என்று காக்கா என்னிடம் மட்டும் முணுமுணுத்தார். அம்மா எதிரே வந்ததும், “நம்ம நல்லதுக்குத்தானேம்மா” என்றார்.

வேலை ஆரம்பித்தது. என்னுடன் வந்த பட்டாணியர் டிரில் மெஷினை அறை மூலையில் ஊன்றி, தரை ஓடும் கான்கிரீட்டும் உடைந்து மணல் தெரியும்வரை விடவில்லை. “பஸ், ரேத் ஆ கயா” என்று, மணல் வந்துவிட்டதைச் சொல்லி அவர் நிமிர்ந்தபோது புருவம்கூட வெள்ளையாக இருந்தது. நான் குப்புறப் படுத்துத் தோள்வரை கையை விட்டு மணலை அள்ளிக் குழி பறித்தேன். குழியில் இறக்கியது சாதாரண பிளாஸ்டிக் குழாய்தான், கழிவுநீருக்குப் போடுவோமே அதே குழாய். அதைப் படிக்கட்டு ஓரமாகவே மேலே ஏற்றி, மாடித் தளத்தையும் துளைத்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வெளியே எடுத்தேன். உச்சியில் அமெரிக்காவிலிருந்து பார்சலில் வந்த மின்விசிறி. அந்த ஊர் கரண்டுக்குச் செய்தது என்பதால் அதற்குத் தனியாக ஒரு டிரான்ஸ்ஃபார்மர். வெயில் படாமல் ஒரு தகரக் கூரை.

வீட்டு உரிமையாளரான குவைத்திக்காரர் ஒரு சாயங்காலம் வந்து மாடியில் நிற்கிற குழாயைப் பார்த்து, “ஷினு ஹாதா?”, இது என்ன என்று கேட்டார். மண்ணுக்குள்ளிருந்து கேஸ் எடுக்கிறோம் என்று எனக்குத் தெரிந்த அரபியில் சொன்னேன். சிரித்துக்கொண்டே என் முதுகில் தட்டினார். நிறைய வந்தால் தனக்கும் சொல்லச் சொன்னார், இந்த ஊரில் அதைத்தானே விற்கிறோம் என்றார். குழாயால் கூரை ஒழுகினால் பொறுப்பு யார் என்பது மட்டும்தான் அவர் கவலை.

அறையில் குழாயோடு ஒரு வளைந்த கண்ணாடிக் குழல் பொருத்தியிருந்தோம். உள்ளே சிவப்புத் திரவம். விசிறி உறிஞ்சும்போது ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கவேண்டும். எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவு இழுப்பு. சுவிட்ச் போட்டதும் ஓர் அரிசி மணி அளவுக்கு அசைந்து நின்றுவிட்டது.

“இன்னும் ஏறணுமேப்பா” என்றார் சார்.

மாடிக்கு ஓடினேன். விசிறி சுற்றுகிறது. குழாய் மூட்டு ஒவ்வொன்றுக்கும் மறுபடி பசை போட்டேன். தரையும் சுவரும் சேருகிற இடமெல்லாம் சிலிக்கான் பூசினேன். காக்காவின் கட்டில் இருந்த பக்கம்தான் பாக்கி. கட்டிலுக்கு அடியிலும் பின்னாலும் இரும்புப் பெட்டி, அதன்மேல் லீவில் ஊருக்குக் கொண்டுபோகக் கயிறு போட்டுக் கட்டிய அட்டைப் பெட்டிகள். போர்வை, சோப்பு, பால் பவுடர்.

“அதை அவுக்காதே தம்பி. நான் போட்ட முடிச்சை நானே அவுக்க முடியாது. பின்னாடி சொவரு நல்லாத்தான் இருக்கு.”

டார்ச் அடித்து எட்டிப் பார்த்தேன். நல்லாத்தான் இருந்தது. சாருக்கும் வேறு வழி தெரியவில்லை. டப்பாவை வைத்துப் பார்க்கலாம் என்றார்.

வியாழக்கிழமை காக்கா மீன் மார்க்கெட் போயிருந்த நேரத்தில் அம்மா இரண்டாவது டப்பாவைத் திறந்து அவர் அலமாரிமேல் வைத்துவிட்டு வந்தார். அவர் வந்ததும், “பாய், ரெண்டு நாளைக்குக் கீழே ஜன்னலைத் திறக்காதீங்க” என்று மட்டும் சொன்னார். டப்பாவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை சாமான்களை எடுத்துப்போக வந்தேன். படி இறங்கும்போதே சாம்பிராணி வாசனை மூக்கைத் துளைத்தது. கீழே அம்மா கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார். கையில் டப்பா. உள்ளே வெள்ளைச் சாம்பல். எதிரே காக்கா தோள் துண்டைக் கையில் சுற்றியபடி நின்றிருந்தார். சார் சுவரில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அது சிரிப்பு என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

நடந்தது இவ்வளவுதான். அந்த டப்பாவில் இருந்தது கரித்தூள். அதுதான் வாயுவைப் பிடித்து வைக்குமாம். வியாழக்கிழமை அந்தி சாயும் மக்ரிப் நேரத்தில் சாம்பிராணி போடுவது காக்காவுக்கு ஊர்ப் பழக்கம். அறைக்கு வந்தவர் அலமாரிமேல் ஒரு டப்பா நிறையப் புதுக்கரியைப் பார்த்தார். வேலை முடிந்த அறைக்குப் புகை போட அம்மாவே வாங்கி வைத்திருக்கிறார் என்று நெகிழ்ந்துபோய், அடுப்பில் ஒரு சிரட்டைத் துண்டைப் பற்றவைத்து அதன்மேல் போட்டு, சாம்பிராணியையும் தூவிவிட்டார்.

“நல்ல கரிம்மா. சட்டுன்னு புடிச்சுது” என்றார் பாவமாக.

“அது சாம்பிராணிக் கரி இல்ல பாய். அதுதான் டெஸ்ட்டே.”

காக்கா டப்பாவைப் பார்த்தார், அறையைப் பார்த்தார். “அப்ப என் ரூமை நானே எரிச்சுட்டேனா?”

அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். “கரிதானேம்மா? ஹுக்கா குடிக்கிற ஷீஷாக் கடையில நல்ல கரி கிடைக்கும். இடிச்சு நெரப்பி அனுப்பிடுவோம். அமெரிக்காக்காரனுக்கு என்ன தெரியப் போவுது?”

“அவனுக்குத் தெரியாம போகலாம். உங்க நுரையீரலுக்குத் தெரியும்” என்றார் அம்மா. “ஒரு டப்பாதான் பாக்கி இருக்கு. இந்தக் குழாய் இழுக்கிற இழுப்புக்கு அதையும் எதுக்கு வீணாக்கணும்? பேசாம கேம்ப்புக்கே...”

காக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “என்னையே சொல்றீங்களே, அந்தப் பைப்பு மட்டும் யோக்கியமா? பொகைன்னா மேலதானே போவணும்? இது கீழ போவுதும்மா. அலமாரியிலேர்ந்து எறங்கி, தரையோட தவழ்ந்து, என் கட்டிலுக்கடியில நொழையுது. ஜின்னு கின்னு இருக்கோன்னு லைட்டைப் போட்டுக்கிட்டே தூங்குனேன்.”

சார் வாயிலிருந்து கையை எடுத்தார். “கட்டிலுக்கு அடியிலயா? எந்தப் பக்கம்?”

அடுத்த ஒரு மணி நேரம் எங்களை வெளியாள் யாராவது பார்த்திருந்தால் வேறு மாதிரி நினைத்திருப்பார்கள். காக்கா புதிதாகக் கரி மூட்டினார். அம்மா புகையும் கிண்ணத்தைத் தரையோரமாகக் காட்டிக்கொண்டே போனார். எண்ணெய்க் கம்பெனி இன்ஜினியர் மண்டி போட்டுக் கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். டிரில் மெஷினை எடுத்துப்போக வந்த பட்டாணியர் வாசலிலேயே நின்று, “பூஜா ஹை, யா ஃபாத்திஹா?” என்று கேட்டார்.

“ரெண்டும்தான். நீ செருப்பைக் கழட்டிட்டு வா” என்றார் காக்கா தமிழில்.

புகை மற்ற மூன்று சுவரோரமும் சும்மா மேலே எழும்பியது. கட்டில் பக்கம் போனதும் தலை குனிந்து அடியில் ஓடியது. கயிற்று முடிச்சுகளைக் காக்காவே கத்தியால் அறுத்தார். இரும்புப் பெட்டியை நானும் பட்டாணியரும் தள்ளினோம். சுவரடி ஓட்டுப் பட்டை அங்கே ஒட்டியே இருக்கவில்லை, சும்மா சாய்ந்து நின்றிருக்கிறது. எடுத்தால் தரைக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழைகிற பிளவு, பெட்டி இருந்த நீளம் முழுக்க. எங்கள் குழாய் மண்ணிலிருந்து காற்றை இழுப்பதற்குப் பதில், சுலபமாக இந்தப் பிளவு வழியே அறைக் காற்றைக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

நான் சிலிக்கான் துப்பாக்கியோடு படுத்தேன். காக்கா கண்ணாடிக் குழலிடம் ஓடிப்போய் நின்று கிரிக்கெட் கமென்டரி மாதிரி ஆரம்பித்தார். “ஏறுது தம்பி... அட, ஏறுது... நிக்காதே, இன்னும் அடி... யல்லா யல்லா... எறும்பு மாதிரி ஏறுதும்மா!” பிளவின் கடைசி முனையை அடைத்தபோது சிவப்பு ஒரு பக்கம் விரல்கடை அளவு ஏறியிருந்தது. சார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். காக்கா அவர் பங்குக்குக் குழாயையே தட்டிக்கொடுத்தார்.

கடைசி டப்பா வைத்த இரண்டு நாளும் காக்கா அறைக்குள் தீப்பெட்டிகூடக் கொண்டுபோகவில்லையாம். பீடியைத் தெருவில் போய்க் குடித்திருக்கிறார். டப்பாவை மூடி டேப் ஒட்டும்போது, ஊருக்குக் கப்பலேறுகிறவரை வழியனுப்புவதுபோல பக்கத்தில் நின்றாராம். கூரியர் வண்டி போன பிறகு சட்டையெல்லாம் துவைத்துத் தேய்த்து ஒரு பையில் எடுத்து வைத்துவிட்டார். கேம்ப்புக்குப் போகச் சொன்னால் உடனே கிளம்ப வேண்டுமே, கிளம்பாமல் நின்று இழுத்தடித்தால் கேவலம் என்றார்.

ஃபேக்ஸ் வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். சார் ஆபீஸிலிருந்து தாளோடு வந்து அம்மாவிடம் கொடுத்தார். அம்மா ஒருமுறை பார்த்தார், கண்ணாடி போட்டுக்கொண்டு மறுமுறை பார்த்தார். அடுப்பில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. காக்கா கரண்டியைக் கிளறாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

“குறைஞ்சிடுச்சு பாய். அளவுக்குள்ளதான் இருக்கு. நீங்க இருக்கலாம்.”

காக்கா அடுப்பை அணைத்தார். கையைத் துண்டில் துடைத்தார். படி இறங்கிப் போனார். கீழே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது, பின்னாலேயே தாழ்ப்பாள் விழுகிற சத்தம்.

அம்மா என்னைப் பார்த்தார், நான் குழாயைப் பார்த்தேன். பிறகு அம்மா படிக்கட்டில் குனிந்து கூப்பிட்டார்.

“பாய்! சாப்பாடு யார் எடுத்து வைக்கிறது?”

கீழேயிருந்து, மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “எல்லாம் ரெடியா இருக்கும்மா, இன்னிக்கி மட்டும் நீங்களே வச்சுக்குங்க. அந்தத் தம்பிக்கும் சேத்து வைங்க.”