சாம்பாரும் செல்வராசு அண்ணனும்

வைஃபை நின்றால் நாங்கள் முதலில் போன் போடுவது செல்வராசு அண்ணனுக்குத்தான். போன திங்கட்கிழமையும் போட்டோம். அவர் வீட்டுக்காரம்மா எடுத்தார். "அண்ணன் காலைல போயிட்டாருங்க" என்றார். "வர எந்நேரமாகுங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் அழுத பிறகுதான் புரிந்தது, அண்ணன் இனி வரவே மாட்டார் என்று.

எங்கள் நல்லூர் பனியன் கம்பெனியில் அவரைத் தெரியாதவர் இல்லை. கம்ப்யூட்டர், வைஃபை எல்லாம் அவர் பொறுப்பு. நான் பனியன் செக்கிங். படிப்பு அஞ்சாவது.

போன வருசம் எங்கள் வெப்சைட்டின் கருத்துப் பக்கத்தில் யாரோ, "கேன்டீன் சாம்பாரில் பருப்பைக் காணோம்" என்று எழுதிவிட்டார்கள். எங்களிடம் பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் படித்து, பருப்பு என்றால் என்ன என்று கேட்டாராம். எந்த இணைப்பிலிருந்து எழுதியது என்று காட்டும் ஐ.பி. நம்பரை மேனேஜர் எடுத்துக்கொண்டு மேசை மேசையாக வந்தார். முதல் மேசை என்னுடையது. கம்பெனி வைஃபையில் இருந்த என் போனில் பார்த்தால் அதே நம்பர்.

"கையும் களவுமா மாட்டிக்கிட்டயா? கார்டைக் குடுத்துட்டு ஊட்டுக்குப் போ."

என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

அண்ணன் வந்தார். "சார், உங்க போனுல பாருங்க" என்றார். அதே நம்பர். சத்தம் கேட்டு வந்த முதலாளியின் போனிலும் அதே.

"நம்ம வைஃபை லைன் வீடு மாதிரிங்க. பத்துக் குடும்பம், வாசல் கேட்டு ஒண்ணுதானுங்க. உள்ள ஆளாளுக்குத் தனி நம்பர் இருக்குது. வெளிய தெரியறது கேட்டு நம்பர் மட்டுந்தான். எந்தப் பதில் எந்த ஊட்டுக்குன்னு கேட்டுல வாட்ச்மேனாட்ட நிக்கற ஃபயர்வால் மிஷின் குறிச்சு வெச்சுக்கும்."

"அப்ப அதுலயே பாத்துச் சொல்லு" என்றார் முதலாளி.

"சொல்றனுங்க. அன்னைக்கு மத்தியானம் ஆபீஸ் ரூம்ல இருந்து யாரு என்ன பாத்தாங்கன்னும் சேந்து வருமுங்க."

முதலாளி தன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். "வேண்டாம் விடு. சாம்பாரைக் கவனிங்க" என்று போய்விட்டார்.

சாயங்காலம் டீ கிளாசோடு அண்ணன் என் பக்கம் வந்தார். சுற்றுமுற்றும் பார்த்து மெதுவாகச் சொன்னார்:

"அடுத்த தடவை உன்ர சொந்த டேட்டால எழுது கண்ணு."

அதற்குப் பிறகு சாம்பாரில் பருப்பு இருக்கிறது. அவர் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. அவருக்காக நானே சொல்கிறேன்: எழுதியது நான்தான். இதையும் அதே கருத்துப் பக்கத்துக்கு, வைஃபையை அணைத்துவிட்டு, என் சொந்த டேட்டாவில்தான் அனுப்புகிறேன், அண்ணா. பெயரும் போட்டிருக்கிறேன்.

சரசு, செக்கிங்