மூக்காயி வாயில் சுமந்த கொயினா

இலங்கையில் மாவனல்லைக்கு மேலே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தாள் மூக்காயி. யாரையும் ஏறிட்டுப் பார்த்துப் பேசமாட்டாள். அப்பேர்ப்பட்டவள் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், தன் ஒற்றை அறைக் காம்பராவில் ஓர் ஆளையே ஒளித்து வைத்திருந்தாள் என்றால் யார் நம்புவார்கள்! வேறு யாரையுமல்ல, கூடப் பிறந்த தங்கச்சி புஷ்பத்தைத்தான். ரப்பர் விலை விழுந்தபோது பக்கத்துத் தோட்டத்தில் புஷ்பத்தின் பேரை வெட்டி வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். போக்கிடம் இல்லாமல் அக்காவிடம் வந்து சேர்ந்தாள். பேர் பதியாத ஆள் லயத்தில் இருப்பது தெரிந்தால் தோட்டத்தை நடத்தும் துரை இரண்டு பேரையும் விரட்டிவிடுவார்.

அந்த நேரம் பார்த்துத்தானா அந்தப் பாழாய்ப்போன குளிர்காய்ச்சல் வரவேண்டும்? லயத்துக்கு லயம் ஆட்கள் சுருண்டு விழுந்தார்கள். புஷ்பமும் படுத்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக ஆள் வேண்டும். ஆளைக் கூப்பிட்டால் விஷயம் வெளியாகிவிடும்.

தோட்டத்து மருந்துக்கார ஐயா தினமும் விடியற்காலையில் ஆட்கள் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடும் பெரட்டில், காய்ச்சலுக்குக் கொயினா மருந்து ஊற்றினார். பேர் பதிந்தவர்களுக்கு மட்டும், ஆளுக்கு ஒரு மடக்கு. கையில் கொடுக்கமாட்டார்; அவர் கண் முன்னாலேயே குடிக்க வேண்டும்.

மூக்காயி அதை விழுங்கவில்லை. கன்னத்தில் அடக்கிக்கொண்டு நடந்தாள்.

"என்ன மூக்காயி, வாயில கொழுக்கட்டையா?" என்று கந்தையா கங்காணி கேலி செய்தார். எல்லாரும் சிரித்தார்கள். அவள் தலையை ஆட்டிவிட்டுக் காம்பராவுக்கு ஓடினாள். நாக்கு மரத்துப்போயிருந்தது. கொட்டாங்கச்சியில் துப்பி, தங்கச்சியின் தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றினாள்.

"கசக்குதுக்கா."

"கசக்காம இனிக்குமா? முழுங்குடி, என் தாயி."

நாளாக ஆக நடுக்கம் குறைந்தது. ஒரு நாள் புஷ்பம் எழுந்து உட்கார்ந்து, கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளத் துவையல் கேட்டாள். மூக்காயிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

ஆனால் கசப்புத் தாங்காமல் மற்றவர்களும் மருந்தை மறைவில் போய்த் துப்பிக்கொண்டிருந்தார்கள். ஐயா அதைக் கண்டுபிடித்துவிட்டார். மனுஷனுக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

"உசிரு பொழைக்கக் குடுத்தா துப்பவா செய்யிறீங்க? இனிமே குடிச்ச ஒடனே ஒவ்வொருத்தரும் சத்தமாப் பேரைச் சொல்லிட்டுத்தான் போகணும்!"

வேண்டாம் என்று துப்பியவர்களுக்கு என்ன நஷ்டம்? வேண்டும் என்று தவித்தவள் தலையில் அல்லவா விடிந்தது!

மூக்காயியின் முறை வந்தது. மருந்தை நாக்கின் அடியில் ஒதுக்கிக்கொண்டு பேரைச் சொல்லப் பார்த்தாள். தொண்டை தானாகத் திறந்துகொண்டது. மருந்து இறங்கிவிட்டது.

"மூக்காயிங்க."

எல்லாரும் போகும்வரை நின்றாள். "ஐயா, இன்னொரு மடக்குக் குடுங்கய்யா. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"யாருக்கு? பேர் பதிஞ்ச ஆளா?"

சொல்லியிருக்கலாம். சொன்னால் காய்ச்சலோடு தங்கச்சியை ரோட்டில் விட்டுவிடுவார்களே! "இல்லீங்க, சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பால் வெட்டப் போய்விட்டாள்.

அடுத்த நாளும் பேரைச் சொன்னாள். அதற்கடுத்த நாளும் சொன்னாள். மருந்து அவள் வயிற்றுக்கே போயிற்று. புஷ்பத்துக்கு நடுக்கம் திரும்பி வந்தது. அக்காவின் வாயைப் பார்த்துப் பார்த்து அவள் வாயைத் திறந்தாள், பால் குடிக்கிற பிள்ளை மாதிரி. மூக்காயி வெறும் வாயோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரு விடியற்காலையில் அவள் பெரட்டுக்குக் கிளம்பும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. அதன் பிறகுதான் கதறினாள். அதன் பிறகுதான் ஊருக்கே தெரிந்தது. கங்காணி துரையின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, மூக்காயியை விரட்டாமல் தடுத்து, அடக்கத்துக்கும் அனுமதி வாங்கினார்.

காய்ச்சல் ஓய்ந்து, மிச்சமிருந்த ஆட்கள் வேலைக்குத் திரும்பினார்கள். அந்த லயத்தில் ஒரு நாள்கூடப் படுக்காதவள் மூக்காயி ஒருத்திதான்.

"ஒனக்கு இரும்பு ஒடம்பு புள்ள," என்றார் கந்தையா கங்காணி.

மூக்காயி முதல்முறையாக அவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

"இல்லீங்க. என் தங்கச்சி குடிக்க வேண்டியதை நானே முழுங்கிட்டேன்."